ஒன்பதரை மணி நடை

அழைப்புக் கடிதத்தில் இரண்டு நேரங்கள் இருந்தன. காலை ஏழு மணிக்கு ஆஜராக வேண்டும். சான்றிதழ் சரிபார்த்து, உயரம் அளந்த பிறகு, ஒன்பதரை மணிக்கு நடைத்தேர்வு. பெண்களுக்குப் பதினாறு கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்குள். இடம் கொட்டாம்பட்டி. நாள் மே இருபத்தொன்று.

ஆன்மேரி ஏழு மணியை மட்டும் மனத்தில் வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. மதுரையில் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகளாகத் தற்காலிக எழுத்தர். ஒவ்வொரு ஜூன் மாதமும் தன்னுடைய தற்காலிக நியமன ஆணையைத் தானே தட்டச்சு செய்து, தானே கொண்டுபோய்த் தாளாளரிடம் கையெழுத்து வாங்குவாள். இப்போது வனக்காவலர் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். நடையிலும் தேறிவிட்டால் அரசு வேலை. தேறாவிட்டால், அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது வரம்பு தாண்டிவிடும். பிறகு விண்ணப்பிக்கவே முடியாது.

"பதினாறு கிலோமீட்டர்தான?" என்றான் அவள் கணவன் ஆலன். அவன் ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தான். "அதுக்கு எதுக்கு நாலு மணி நேரம்? நம்ம ஜெனியே நடந்துருவா."

ஜெனி அவர்களுடைய மகள். எட்டு வயது.

"அப்ப ஜெனியவே அனுப்புவமா?"

"அனுப்பலாம். ஹால் டிக்கெட்ல ஒம் போட்டோவப் பாத்தா அவங்களுக்கு வித்தியாசம் தெரியும். அதான் யோசனை."

ஒத்தக்கடையில் அவர்கள் குடியிருந்த தெருவுக்குப் பின்னால், பிளாட் போட்டு விற்காமல் கிடந்த மைதானத்தில் ஒரு பயிற்சி மையம் நடந்தது. நடத்தியவன் விக்ரம். இருபத்தாறு வயது. போலீஸ் தேர்வில் அரை சென்டிமீட்டர் உயரம் குறைந்து திரும்பியவன். அதிகாலை நாலரைக்கு விசில் ஊதுவான். மையத்தின் பெயர் முதுகில் எழுதிய கறுப்பு ஜெர்சி எல்லோருக்கும் கட்டாயம். துணி வழுவழுவென்று, குடைத்துணி மாதிரி இருக்கும்.

தண்ணீரைப் பற்றி விக்ரமுக்கு ஒரு விதி இருந்தது.

"வாயக் கொப்புளிச்சுத் துப்பிரணும். முழுங்கக் கூடாது. முழுங்கினா வயித்தப் பிடிக்கும்."

பெண்கள் யாரும் இதற்கு மறுப்பு சொன்னதில்லை. அவர்களுக்கு வேறு காரணம் இருந்தது. ஆண்கள் சாலையோரம் எங்கு வேண்டுமானாலும் ஒதுங்குவார்கள். பெண்கள் முந்தின நாள் சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திக்கொள்வார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதில் தானாக வந்துவிடும் பழக்கம். ஆன்மேரிக்கும் அப்படித்தான் வந்தது. பள்ளி அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகளாக அவள் மேசையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. காலையில் நிறைத்த பாட்டிலை மாலையில் செடிக்கு ஊற்றுவாள்.

மே முதல் வாரத்தில் பதினாறு கிலோமீட்டரை மூன்று மணி எட்டு நிமிடத்தில் முடித்தாள். சூரியன் யானைமலைக்கு மேலே வரும்போது அவள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பாண்டிமீனா. கொட்டாம்பட்டிக்காரி, இருபத்தேழு வயது. ஒத்தக்கடையில் உறவினர் வீட்டில் தங்கிப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தாள். போன தடவை நடையில் தோற்றவள்.

"மூணு எட்டு. ஒனக்கென்னக்கா, வேலை கிடைச்ச மாதிரிதான்" என்றாள் பாண்டிமீனா.

"நீ மூணுல முடிச்சிட்ட."

"நான் போன வருசமும் மூணுலதான் முடிச்சேன். இங்க."

"அங்க?"

"அங்க பன்னெண்டாவது கிலோமீட்டர்ல ஒக்காந்தேன். எந்திரிக்கவே மனசு வரல. நெசமா, வேலையும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்னு இருந்துச்சு. மாப்பிள்ள பாக்க வந்தாக்கூட அம்புட்டு வெறுப்பு வந்ததில்ல எனக்கு."

"கால் வலியா?"

"காலா? கால் நல்லாத்தான் இருந்துச்சு. வெயிலுக்கா. ஒன்பதரைக்கு விடுறான். முடிக்கும்போது ஒன்றரை. நாம இங்க நடக்கிறது நெலா வெளிச்சத்துல."

ஆன்மேரி வீட்டுக்குப் போய்க் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தாள். ஒன்பதரை என்று தெளிவாகவே போட்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை பள்ளி அலுவலகம் இல்லை. ஒன்பதரை மணிக்கு ஜெர்சியை மாட்டிக்கொண்டு மேலூர் சாலையில் இறங்கினாள். தேர்வுக்குப் பதினேழு நாள் இருந்தது. முழுத் தூரத்தையும் அந்த நேரத்திலேயே ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்தாள்.

ஐந்து கிலோமீட்டர் வரை வேர்வை ஓடியது. ஜெர்சி அதை உறிஞ்சாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஏழாவது கிலோமீட்டரில் தலைவலி தொடங்கியது. பையில் பாட்டில் இருந்தது. வாயைக் கொப்புளித்துத் துப்பினாள். எட்டைத் தாண்டியதும் கைகளில் புல்லரித்தது. அந்த வெயிலில் அவளுக்குக் குளிர்ந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. பரவாயில்லை, வேர்வை நின்றுவிட்டது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அதற்குப் பிறகு சாலையின் வெள்ளைக்கோடு இரண்டாகப் பிரிந்தது.

புளியமரத்தடியில் நுங்கு விற்றுக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்து அவளைத் தோளில் பிடித்தாள்.

"ஏம்மா, ஏம்மா. இங்க வா. இப்படி ஒக்காரு. இந்தச் சட்டைய யாரு போடச் சொன்னது, தார்ச் சட்டையப் போட்டுட்டு வந்திருக்க."

நுங்கைக் குளிர வைத்திருந்த ஈரச் சாக்கை எடுத்து ஆன்மேரியின் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். வாளித் தண்ணீரைத் தலையிலும் கைகளிலும் ஊற்றினாள். ஓலையால் விசிறினாள். கொஞ்ச நேரத்தில் ஆன்மேரி வாந்தி எடுத்தாள். வெறும் புளித்த தண்ணீர்.

"காலைல என்ன குடிச்ச?"

"டீ. அரை டம்ளர்."

"தண்ணி?"

ஆன்மேரி இல்லையென்று தலையசைத்தாள். அந்தப் பெண் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். வயலும் வேலியும் வாகனங்களும்.

"எனக்கும் அதான்" என்றாள். "விடியக்காலம் வந்து ஒக்காந்தா மூணு மணிக்குத்தான் வீடு. அது வரைக்கும் ஒரு சொட்டுக் கெடையாது. இம்புட்டு நொங்கு விக்கிறேன், ஒரு சுளை வாயில வச்சதில்ல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு ஒரு நுங்கைச் சீவிக் கொடுத்தாள். "நீ தின்னு. நீதான் வீட்டுக்குப் போகப் போறேல்ல."

போன் போட்டதும் ஆலன் பைக்கில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனான். அங்கே இருந்த டாக்டர் சுஷ்மா சின்ன வயதுக்காரர். ரத்த அழுத்தம் பார்த்தார். உப்புச் சர்க்கரைப் பொடி கலந்த தண்ணீரைக் கொடுத்துத் தன் முன்னாலேயே குடிக்கச் சொன்னார்.

"வெயில்ல குளிருதுன்னா அது கடைசி எச்சரிக்கை. அதுக்கு மேல ஒரு அடி வைக்கக் கூடாது. அங்கேயே நிழல்ல உக்காந்திரணும். புரியுதா?"

"பதினேழு நாள்ல தேர்வு, மேடம்."

"பதினேழு போதும். உடம்புக்கு வெயில் பழகப் பத்துப் பதினாலு நாளாகும். ஆனா ஒரே நாள்ல பழக்க முடியாது. மூணு நாள் ரெஸ்ட். அப்புறம் இருபது நிமிஷம், மறுநாள் முப்பது, அப்படி ஏத்துங்க. தாகம் எடுக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க. கால் மணிக்கு ஒருக்கா அரை டம்ளர். மொத்தமா ஊத்திக்க வேண்டாம். பாத்ரூம் போறப்ப கலரப் பாருங்க. அடர் மஞ்சளா இருந்தா அன்னிக்கு நடை கிடையாது."

"சரிங்க மேடம்."

"அன்னிக்கு முடியலைன்னா விட்ரணும். இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"எனக்கு இன்னொரு நாள் இல்லங்க மேடம்."

டாக்டர் அவளைப் பார்த்தார். ஆலனைப் பார்த்தார். பொடிப் பொட்டலங்கள் பத்தை எண்ணிக் கொடுத்தார்.

நான்காம் நாளிலிருந்து ஆன்மேரி விசிலுக்குப் போவதை நிறுத்தினாள். அலுவலகத்தில் ஒரு மணி நேர அனுமதி கேட்டு, பத்து மணிக்குப் பள்ளி மைதானத்தைச் சுற்றி நடந்தாள். கோடை விடுமுறை, மைதானத்தில் யாரும் இல்லை. முதல் நாள் இருபது நிமிடம். அதற்கே நாக்கு ஒட்டியது. ஜெர்சியை மடித்து வைத்துவிட்டு ஆலனின் பழைய வெள்ளைக் கதர்ச் சட்டையைப் போட்டாள். முழுக்கை, தொளதொள. தலையில் தொப்பி. கழுத்தில் நனைத்த துண்டு. காலையில் நீராகாரத்தில் உப்புப் போட்டு ஒரு சொம்பு குடித்தாள்.

குடிப்பதுதான் கடினமாக இருந்தது. பாட்டிலை வாயில் வைத்ததும் எங்கே கதவு இருக்கிறது என்று கண் தேடும். பள்ளியில் கதவு இருந்தது. ஆகவே குடித்தாள். எட்டாம் நாள் ஒரு மணி நேரம் நடந்தபோது வேர்வை சீக்கிரமாகவே வரத் தொடங்கியிருப்பதைக் கவனித்தாள். தலை வலிக்கவில்லை. ஆனால் வேகம் குறைந்திருந்தது. அதிகாலையில் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்த கிலோமீட்டருக்கு வெயிலில் பதினைந்து நிமிடம் ஆனது. வேகத்தைக் கூட்டிப் பார்த்தாள். இதயம் காதுக்குள் அடித்தது. மறுபடி பதினைந்துக்கே இறங்கினாள்.

அன்று இரவு உணவுக்குப் பிறகு காகிதத்தில் கணக்குப் போட்டாள். போகும்போது எட்டு கிலோமீட்டர், ஒரு மணி நாற்பத்தைந்து. திரும்பும்போது உச்சி வெயில், இரண்டு மணி. ஆக மொத்தம் மூன்றே முக்கால். கையில் பதினைந்து நிமிடம் மிச்சம்.

"அந்தப் பதினஞ்சு எதுக்கு?" என்றான் ஆலன்.

"பாத்ரூமுக்கு."

அவன் காகிதத்தைப் பார்த்தான். கல்யாணமாகிப் பத்து ஆண்டுகளில் அவள் வெளியூர்ப் பயணத்தில் எங்கும் வண்டியை நிறுத்தச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்ததுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் பைக்கில் கொட்டாம்பட்டிக்குப் போனார்கள். பாதை போன தடவை நடந்ததேதான் என்று பாண்டிமீனா சொல்லியிருந்தாள். அந்த ஊர்ப் பள்ளி மைதானத்தில் தொடங்கி, நெடுஞ்சாலையின் அணுகுசாலையில் மதுரைப் பக்கமாக எட்டு கிலோமீட்டர், அங்கிருந்து அதே வழியில் திரும்ப வேண்டும். ஆலன் மெதுவாக ஓட்டினான். ஆன்மேரி பின்னால் உட்கார்ந்து இடங்களைக் குறித்தாள். ஒரு கல்யாண மண்டபம், பூட்டியிருந்தது. இரண்டு டீக்கடைகள், பின்னால் வயல். ஆறாவது கிலோமீட்டரில் ஒரு பெட்ரோல் பங்க். பதினாறு கிலோமீட்டரிலும் அது ஒன்றுதான்.

பங்க் மேலாளர் வெங்கட்ரமணன் ஐம்பதைத் தாண்டியவர். மதுரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். நெற்றியில் சந்தனம் காயாமல் இருந்தது.

"எம்புட்டுக்குப் போடணும் சார்?" என்று ஆலனிடம் கேட்டார்.

"பெட்ரோல் வேணாங்க" என்றாள் ஆன்மேரி. "பாத்ரூமப் பாக்க வந்தோம்."

"போகவா, பாக்கவா?"

"பாக்க."

"பத்து வருசமா இங்க இருக்கேன், யாரும் அதப் பாக்கணும்னு வந்ததில்லையேம்மா."

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் சாவியை எடுத்தார். ஒரு சாண் நீள மரக்கட்டையில் கோத்திருந்தது.

"கட்டை எதுக்குங்க?" என்றான் ஆலன்.

"இல்லாட்டி ஜோப்புல போட்டுட்டுத் திருச்சிக்குப் போயிருவாய்ங்க." அவர் ஆன்மேரியிடம் திரும்பினார். "வாங்கம்மா அன்னிக்கு. எட்டுலருந்து ரெண்டு வரைக்கும் நாந்தான் ட்யூட்டி. எம் மகளும் ஒங்க வயசுதான். பஸ்ல போனா தண்ணியே குடிக்க மாட்டா."

திங்கட்கிழமை டீக்கடை பெஞ்சில் பாண்டிமீனாவிடம் இதைச் சொன்னாள். நிம்மதியடைவாள் என்று எதிர்பார்த்தாள். பாண்டிமீனா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எந்தப் பங்க்கு? ஆறாவது கிலோமீட்டர்ல இருக்கே, அதுவா? யக்கா, எங்க சித்தி மகன் சூர்யபிரகாஷ் அங்கதான் பெட்ரோல் போடுறான். அவன்ட்டப் போயிச் சாவி கேக்கணுமா நானு? மீனா பரிச்சைக்கு வந்துச்சு, பாதியில கக்கூஸுக்கு ஓடுச்சுன்னு பொங்கல் வரைக்கும் பேசுவான்."

"பேசட்டுமே."

"ஒனக்கென்ன, நீ மதுரைக்காரி. முடிச்சிட்டு பஸ் ஏறிப் போயிருவ. அது எங்க ஊர் ரோடுக்கா. என் மாமன் மச்சான் பூராப் பேரும் அதுலதான் போவான் வருவான்."

"தண்ணி குடிக்காம முடியாது மீனா. நான் விழுந்ததச் சொன்னேன்ல?"

"நீ பைய நடந்த, அதான் விழுந்த. போன வருசம் நானும் பைய நடந்துதான் மாட்டுனேன். இந்தத் தடவை வெரசாப் போயி, உச்சி வர்றதுக்குள்ள முடிச்சிருவேன் பாரு. வெயிலு என்னைத் தேடி வரும்போது நான் வீட்டுல இருப்பேன்."

ஆன்மேரி மேலும் இரண்டு முறை சொன்னாள். இரண்டாம் முறை பாண்டிமீனாவுக்குக் கோபம் வந்தது. அதோடு விட்டுவிட்டாள்.

இருபத்தொன்றாம் தேதி மைதானத்தில் நாற்பத்தெட்டுப் பெண்கள் இருந்தார்கள். கழிப்பறைக்கு முன்னால் நீண்ட வரிசை. எல்லோரும் இருப்பதை வெளியே தள்ளிவிட்டுக் கிளம்ப நினைத்தார்கள். வரிசைக்குப் பக்கத்தில் தண்ணீர்க் கேன்கள் மேசையில் அடுக்கியிருந்தன. தொடுவாரில்லை.

விக்ரம் வேலிக்கு வெளியே நின்று கையசைத்தான்.

"என்னக்கா இது, அண்ணன் சட்டையா? நம்ம சென்டர் பேரே தெரியாதே!"

"வேலை கிடைச்சதும் போட்டுக்கிறேன் சார். போட்டோவுக்கு."

சரியாக ஒன்பதரைக்கு விட்டார்கள். முதல் ஐந்நூறு மீட்டரில் கூட்டம் அவளைத் தாண்டிப் போனது. பாண்டிமீனாவின் கறுப்பு முதுகு முன்வரிசையில் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. ஆன்மேரி கடைசியிலிருந்து ஆறாவதாக நடந்தாள். கால் மணிக்கு ஒரு முறை குடித்தாள். தண்ணீர் மேசை வந்த இடங்களில் துண்டை நனைத்தாள். மேசையில் இருந்த ஊழியர், "நீங்க ஒரு ஆள்தாம்மா குடிக்கிறீங்க. மத்தவங்க பூரா கொப்புளிச்சுத் துப்புறாங்க" என்றார்.

எட்டாவது கிலோமீட்டரில் எண்ணைக் குறித்துக்கொண்டு திருப்பிவிட்டார்கள். ஒரு மணி நாற்பத்தைந்து. அவள் போட்ட கணக்கேதான். மணி பதினொன்றே கால். அணுகுசாலையில் மரம் இல்லை. தார் இளகிக் காலடியில் ஒட்டியது. அவள் ஷூவைப் பார்த்து நடந்தாள். முன்னால் போனவர்களில் சிலர் இப்போது அவளுக்குப் பின்னால் இருந்தார்கள். ஒரு பெண் இடுப்பில் கையை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

பங்க் வந்தபோது அவளுக்கு அவசரமாக இருந்தது. வாசலில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. உள்ளே டேங்கர் லாரி நின்றது.

வெங்கட்ரமணன் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கையைத் தூக்கினார்.

"அங்கேயே நில்லுங்கம்மா! லோடு எறங்குது. யாரும் உள்ள வரக் கூடாது."

"எம்புட்டு நேரம் சார்?"

"இருபது நிமிசமாகும்."

இருபது நிமிடம் அவளிடம் இல்லை. அவள் நின்றாள். தொடைகளை ஒட்டிக்கொண்டு நின்றாள். சீருடை போட்ட பையன் ஒருவன் வேடிக்கை பார்த்தான். சூர்யபிரகாஷாக இருக்கலாம். வெங்கட்ரமணன் டேங்கரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். உள்ளே போய் மரக்கட்டையோடு வந்தார்.

"இப்படிச் சுத்தி வாங்க. காம்பவுண்டுக்குப் பின்னால ஒரு கேட் இருக்கு. தொறந்து ரெண்டு வருசமாச்சு."

துருப்பிடித்த தாழ்ப்பாளை அவர் கல்லால் தட்டிக்கொண்டிருந்தார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வழியாகத் திறந்தது. உள்ளே போய் வந்து, குழாயில் துண்டை நனைத்து, பாட்டிலை நிறைத்துச் சாலைக்கு வந்தபோது ஒன்பது நிமிடம் போயிருந்தது. மிச்சம் ஆறு.

பதின்மூன்றாவது கிலோமீட்டர் என்று நட்டிருந்த பலகைக்குப் பக்கத்தில், கரும்புச்சாறு வண்டிக்கு எதிரே, பாண்டிமீனா வெயிலிலேயே உட்கார்ந்திருந்தாள். கால்களை நீட்டி, கைகளை மடியில் வைத்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல. ஆன்மேரி கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு முப்பத்தொன்பது. மூன்று கிலோமீட்டருக்கு நாற்பத்தைந்து நிமிடம் வேண்டும். இருந்தது ஐம்பத்தொன்று.

"மீனா."

பாண்டிமீனா நிமிர்ந்தாள். கண் அவள்மேல் நிலைக்கவில்லை.

"சித்தி வந்திருச்சா?" என்றாள்.

ஆன்மேரி அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள். அடுப்புப் பக்கத்தில் வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. வேர்வை இல்லை. ஆன்மேரி கரும்புச்சாறு வண்டிக்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒரு கை பிடிங்க. ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க. பின்னால எங்கேயோ நிக்குது."

இருவருமாக அவளை வண்டியின் தார்ப்பாய் நிழலுக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். ஆன்மேரி ஜெர்சியைக் கழுத்திலிருந்து தளர்த்தினாள். தன் ஈரத்துண்டை அவள் கழுத்திலும் அக்குளிலும் வைத்தாள். பாட்டிலைத் தலையில் கவிழ்த்தாள். வண்டிக்காரர் ஐஸ் பெட்டியைத் திறந்து இரண்டு கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். ஒரு அட்டையை எடுத்து விசிறத் தொடங்கினார்.

"குடிக்கக் குடுக்கலாமா?" என்றார்.

"வேணாண்ணே. தெளிவாப் பேசட்டும், அப்புறம்."

இரண்டு நிமிடம். மூன்று. நான்கு. சாலையில் ஒரு பெண் அவர்களைப் பார்த்தபடி கடந்துபோனாள், நிற்கவில்லை. பிறகு இன்னொருத்தி. ஆன்மேரி கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஐந்தாவது நிமிடத்தில் பாண்டிமீனா கண்ணைத் திறந்தாள்.

"யக்கா."

"ம்."

"நீ என்ன இங்க பண்ற?"

"ஒம் பேரென்ன, சொல்லு."

"ஏன், மறந்துட்டியா?" பாண்டிமீனா மூச்சு வாங்கினாள். "போக்கா. நீ போ."

"வண்டி வரட்டும்."

"வரும். அண்ணன் இருக்காருல்ல. ஒனக்கு வயசு முடியுது, எனக்கு இன்னும் இருக்கு. போ."

ஆறாவது நிமிடம். வண்டிக்காரர் போனைக் காதில் வைத்தபடியே தலையசைத்தார். தொலைவில் ஹாரன் கேட்டது. ஆம்புலன்ஸா வேறு வண்டியா என்று தெரியவில்லை. ஆன்மேரி எழுந்தாள். துண்டும் பாட்டிலும் அங்கேயே இருந்தன.

கடைசி மூன்று கிலோமீட்டரில் அவள் ஓடவில்லை. ஓட வேண்டும் என்று கால் சொன்னது. ஓடினால் முதல் கிலோமீட்டரிலேயே விழுவாள் என்று தெரியும். பதினைந்து நிமிடம் என்பதைப் பதினான்கரையாகக் குறைத்தாள். அவ்வளவுதான் குறைக்க முடிந்தது. ஆம்புலன்ஸ் அவளைக் கடந்து மைதானத்தை நோக்கிப் போனது. அதன் பின்கண்ணாடி வழியே உள்ளே ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் மேசையில் ஒரு கேனைத் தூக்கி அப்படியே தலையில் ஊற்றிக்கொண்டாள். கைகளில் புல்லரிக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டாள். இல்லை. வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. எரிந்தது நல்லதாக இருந்தது.

கோட்டைத் தாண்டியபோது அதிகாரி அவள் எண்ணை உரக்கப் படித்தார். மூன்று மணி ஐம்பத்தெட்டு நிமிடம். தாளை நீட்டினார். கையெழுத்து கடிதத்தில் இருந்தது போல் வரவில்லை. அவர் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒக்காந்து, தண்ணி குடிச்சிட்டு, மறுபடி ஒருக்காப் போடுங்க" என்றார். இரண்டாவது சரியாக வந்தது.

முதலுதவிக் கூடாரத்தில் ஐந்து கட்டில்கள், ஐந்திலும் பெண்கள். மூன்றாவதில் பாண்டிமீனா. கையில் ஊசியும் குழாயும். ஆன்மேரி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"பாஸா?"

"பாஸ்."

பாண்டிமீனா முகத்தைக் கூடாரத் துணியின் பக்கம் திருப்பிக்கொண்டாள். பாட்டிலில் மருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட ஒக்காரலேன்னா மூணு அம்பதுக்கு வந்திருப்ப" என்றாள், திரும்பாமல்.

"அம்பத்திரெண்டு."

"பெரிய கணக்கு."

ஆன்மேரி அவள் பாதத்தின் மேல் கையை வைத்தாள். இப்போது ஈரமாக இருந்தது.

நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தாள். பெயர், எண், வயது கேட்டு எழுதினாள்.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க?"

பாண்டிமீனாவின் கண் கூடார வாசலுக்குப் போனது. அங்கே ஆம்புலன்ஸ் டிரைவர் சாய்ந்து நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் அங்கிட்டுப் போங்க" என்றாள் ஆன்மேரி.

அவர் போனார்.

"நேத்துச் சாயங்காலம்" என்றாள் பாண்டிமீனா.

நர்ஸ் எழுதிக்கொண்டாள். படிவத்தைத் திருப்பி, அடுத்த கட்டிலுக்குப் போய், அதே கேள்வியைக் கேட்டாள்.